ஆக்டோபஸ் கிடைக்கவில்லை, சேவல் கிடைத்தது!

வணக்கம் மக்களே, கியோட்டோவிலிருந்து பேசுகிறேன். நேரத்துக்கு எங்கேயும் போய்ச் சேராதவன் என்று என்னைத் திட்டுகிறவர்களுக்கு இன்றைக்கும் தீனி இருக்கிறது. நிஷிகி சந்தையில் குச்சியில் குத்திய குட்டி ஆக்டோபஸ் விற்பார்கள், தலைக்குள் காடை முட்டை. அதைத் தின்னத்தான் போனேன். போய்ச் சேரும்போது ராத்திரி மணி ஏழரை. தெரு முழுக்க ஷட்டர் இறக்கியாயிற்று.

வயிற்றெரிச்சலோடு நிமிர்ந்தால், ஷட்டரில் ஒரு சேவல்! இட்டோ ஜாகுச்சூ என்ற பழைய ஓவியர் வரைந்ததன் நகல். மூடிய கடைகளில்தான் மனிதரின் கண்காட்சியே நடக்கிறது.

இவர் 1716இல் இதே நிஷிகியில் காய்கறி மண்டிக்காரர் வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர். அப்பா போனதும் 23 வயதில் மண்டி இவர் தலையில் விழுந்தது. 40 வயதில் தம்பி கையில் கொடுத்துவிட்டு முழுநேரமும் தூரிகைதான். வீட்டு முற்றத்தில் கோழிகளை வளர்த்து, பார்த்துப் பார்த்து வரைந்தாராம்.

சேவல், மீன், பூச்சி, பூ என்று பட்டில் 30 ஓவியங்கள், ஏறக்குறைய பத்து வருட வேலை. ஷோகொகுஜி கோயிலுக்குக் கொடுத்துவிட்டார். 2016இல் அவை டோக்கியோவுக்கு வந்தபோது வரிசையில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் நின்றார்களாம். நானெல்லாம் ஆக்டோபஸுக்கே பத்து நிமிடம் நிற்க மாட்டேன்.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். பட்டுத் துணியின் பின்பக்கமும் வண்ணம் பூசுவார். அந்த முப்பதில் ஒன்றில் வரும் வெள்ளைப் பீனிக்ஸ் பறவையின் இறகு தங்கமாய் மினுங்குகிறதே, ஆராய்ந்து பார்த்தால் அதில் தங்கமே இல்லை. பின்னால் காவி மஞ்சள், முன்னால் மெல்லிய வெள்ளைக் கோடுகள், அவ்வளவுதான். ஜரிகை வேலை மாதிரி பளபளவென்று தங்கத்தை அப்பும் ஓவியங்கள் எனக்கு ஆகவே ஆகாது, இதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் என் செல்லம் இவருடைய வேறு ஓவியம். கவிழ்த்த கூடை மேல் ஒரு முள்ளங்கி படுத்திருக்கிறது. அதுதான் புத்தர், அவர் உயிர் பிரியும் பரிநிர்வாணக் காட்சி. சுற்றி அழுகிற சீடர்கள் பூசணி, கத்திரிக்காய், காளான். மண்டியில் வளர்ந்தவருக்குத்தான் அது தோன்றும்.

அப்புறம், காலையில் வேறு ஒரு கடையில் சேவல் படம் போட்ட பிளாஸ்டிக் ஃபைல் வாங்கினேன், 440 யென். ஒரு ஃபைலுக்கு! இரண்டு தடவை வைத்துவிட்டு வெளியே வந்து, மூன்றாவது தடவை போய் எடுத்தேன். அறைக்கு வந்து பார்த்தால் மூலை மடிந்திருக்கிறது, சரியாகக் கொண்டை இருக்கும் இடத்தில். ரசீதைத் தூக்கிப் போட்டாயிற்று.

சரி, நாளைக்குக் காலை பத்து மணிக்கே நிஷிகிக்குப் போகிறேன். ஷட்டர் ஏறியிருக்கும், சேவல் மேலே சுருண்டிருக்கும். பரவாயில்லை, ஆக்டோபஸ் இருக்கும்.