16 அடிக் கோட்டுக்குள்: வர்ஜீனியா அணியின் 2018–19 பருவம்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பருவத்தின் முடிவில் 68 அணிகள் தேசியப் போட்டிக்கு வரும். நான்கு மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரவரிசை. ஒரு தோல்வி போதும், மூட்டை கட்டிவிட வேண்டியதுதான். ஆண்கள் போட்டியில் 1985 முதல் முதலிடத்து அணிகள் 16ஆம் இடத்து அணிகளை 135 முறை சந்தித்து 135 முறையும் வென்றிருந்தன. 136ஆவது ஆட்டம் 2018 மார்ச் 16 அன்று சார்லட் நகரில் நடந்தது. நாட்டிலேயே முதல் அணியாகக் கருதப்பட்ட வர்ஜீனியா பல்கலைக்கழகம், பால்டிமோர் கவுண்டியின் மேரிலாந்துப் பல்கலைக்கழக அணியிடம் 54–74 என்று தோற்றது. இடைவேளையில் 21–21. ஒரு முழு ஆட்டத்துக்கே சராசரியாகச் சுமார் 53 புள்ளிகள்தான் கொடுத்துவந்த அணி, இரண்டாம் பாதியில் மட்டும் 53 கொடுத்தது.

அதே அணி மறு ஆண்டே கோப்பையை வென்றது. அந்தப் பருவத்தைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். பயிற்சியாளர் டோனி பென்னட் எதை மாற்றவில்லை, எதை மாற்றினார் என்பது பயிற்சி கொடுக்கும் எவரும் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயம்.

மாற்றாதது தடுப்பாட்டம். அதற்குப் பெயர் ‘பேக் லைன்’. அவருடைய தந்தை டிக் பென்னட் வகுத்த முறை அது. வளையத்திலிருந்து சுமார் 16 அடியில் ஒரு கற்பனைக் கோடு. பந்து வைத்திருப்பவரை ஒருவர் நெருக்கிப் பிடிப்பார். மற்ற நால்வரும் அந்தக் கோட்டுக்குள் நிற்பார்கள். பந்தோடு உள்ளே நுழைய வழி இருக்காது. பாஸ் போனால் வெளியே ஓடிப்போய் மறிக்க வேண்டும்.

சொல்ல எளிது, செய்வது கடினம். பந்து காற்றில் இருக்கும்போதே ஓடத் தொடங்க வேண்டும். எதிராளி பிடித்த பிறகு கிளம்பினால் ஒரு அடி தாமதம், அந்த ஒரு அடியில் பந்து வளையத்தை நோக்கிப் போய்விடும். முதலில் நீண்ட எட்டு. நெருங்கும்போது சின்னச் சின்ன எட்டாக மாற்றி, இடுப்பைத் தாழ்த்தி, கையை உயர்த்தி நிற்க வேண்டும். முழு வேகத்தில் பாய்ந்தால் எதிராளி எறிவதுபோல் ஒரு பாவனை காட்டிவிட்டுப் பக்கத்தில் புகுந்து போய்விடுவார். எதிரணி ஸ்கிரீன் வைத்தால், அதாவது தடுப்பவரின் வழியில் ஒருவர் சுவர்போல் நின்று மறித்தால், உயரமான வீரர் இரண்டு மூன்று எட்டு வெளியே வந்து பந்தின் வழியை மறித்து, கூட்டாளி திரும்பியதும் தன் ஆளிடம் ஓட வேண்டும். அவர் சுணங்கினால் மொத்த அமைப்பும் உடையும்.

இந்த முறையின் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. தூரத்திலிருந்து சளைக்காமல் போடும் அணி வந்தால் ஓட்டம் கூடும், கால் தளரும். சார்லட்டில் எதிரணி 24 முறை மூன்று புள்ளிக்கு எறிந்து 12 முறை போட்டது. பல நிலைகளில் நின்று தடுக்கக்கூடிய டியாண்ட்ரே ஹண்டர் மணிக்கட்டு முறிந்து வெளியே இருந்ததும் சேர்ந்துகொண்டது.

அந்தத் தோல்விக்கு இன்னொரு காரணம் வேகம். 2018–19இல் முதல் பிரிவின் 353 அணிகளில் மிக மெதுவாக ஆடியது வர்ஜீனியாதான். ஆட்டத்துக்கு 60 முறைகூடப் பந்து கைக்கு வராது. வாய்ப்பு குறையக் குறைய அதிர்ஷ்டத்தின் பங்கு கூடும். பின்தங்கிவிட்டால் மீளவும் நேரம் போதாது. ஆனாலும் பென்னட் வேகத்தைத் தொடவில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். தடுப்பாட்டத்தின் உழைப்பைத் தாங்க அந்த நிதானம் தேவை.

மாற்றியது தாக்குதலை. அதுவரை இரண்டு உயரமான வீரர்கள் ஸ்கிரீன் வைக்க, மற்ற மூவர் சுற்றி ஓடி இடைவெளி தேடுவார்கள். நல்ல எறிதல் கிடைக்கும், ஆனால் மெதுவாக. உள்ளே புகுந்து ஃபவுல் வாங்குவதும் குறைவு. புதிதாகத் தொடர் ஸ்கிரீன் முறை சேர்ந்தது. ஒரு பக்கம் ஸ்கிரீன், வழி அடைத்தால் பந்து மறுபக்கம் போகும், அங்கே அடுத்த ஸ்கிரீன். முதலாம் ஆண்டு மாணவர் கிஹே கிளார்க், 5 அடி 9 அங்குலம், பந்தை முன்னே கொண்டுபோகும் பொறுப்பைப் பங்குபோட்டுக்கொள்ள, டை ஜெரோமும் கைல் கையும் எறிவதற்கான இடம் தேட முடிந்தது.

வழக்கமான பருவம் 28 வெற்றி, 2 தோல்வி, இரண்டும் டியூக்கிடம். பிறகு தன் கூட்டமைப்பான ஏ.சி.சி.யின் போட்டியில் ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம் ஒரு தோல்வி. தேசியப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே 16ஆம் இடத்து கார்ட்னர்-வெப்பிடம் 14 புள்ளிகள் பின்தங்கி, பிறகு 71–56 என்று வென்றது.

பர்டூவுடன் நடந்த ஆட்டத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பர்டூவின் கார்சன் எட்வர்ட்ஸ் தனியாளாக 42 புள்ளிகள், அதில் 10 மூன்று புள்ளி எறிதல்கள். பேக் லைனுக்கு எதிரான பாடம் மறுபடியும் கண்முன்னே. கடைசி 6 விநாடியில் 68–70. ஜெரோமின் இரண்டாவது ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையற்ற எறிதல்) தவறியது. வர்ஜீனியாவின் மமாடி டியாகிட்டே பந்தைப் பின்னால் தட்டிவிட, அது தங்கள் அணியின் பாதி ஆடுகளத்துக்கே உருண்டது. கிளார்க் துரத்திப் பிடித்தார். பக்கத்தில் ஜெரோம் கை காட்டி நிற்கிறார். கிளார்க் அவருக்குக் கொடுக்காமல் டியாகிட்டேவுக்கு நீண்ட பாஸ் அனுப்ப, அவர் பிடித்தவுடன் எறிந்தார். மணி ஒலிக்கும்போது பந்து காற்றில், பிறகு வளையத்துக்குள், 70–70. கூடுதல் நேரத்தில் 80–75. அவ்வளவு அழுத்தத்தில் சின்னப் பையன் யார் காலியாக நிற்கிறார் என்று பார்த்ததுதான் எனக்குப் பெரிய விஷயம்.

அரையிறுதியில் ஆபர்ன் 62–60 முன்னிலை, 0.6 விநாடி மிச்சம். மூன்று புள்ளி எறிதலில் ஃபவுல். கைல் கை மூன்று ஃப்ரீ த்ரோவையும் போட்டார். அதற்குச் சற்று முன் ஜெரோமின் இரட்டை டிரிபிளிங்கை (பந்தைத் தட்டுவதை நிறுத்திவிட்டு மறுபடி தட்டும் தவறு) நடுவர்கள் கவனிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஏப்ரல் 8, மினியாபொலிஸ், இறுதி ஆட்டம். டெக்சஸ் டெக்கை எதிர்த்து, கடைசி 15 விநாடிக்குள் மூலையிலிருந்து ஹண்டர் போட்ட எறிதலில் 68–68. கூடுதல் நேரத்தில் கிடைத்த 12 ஃப்ரீ த்ரோவும் உள்ளே, 85–77. ஹண்டர் எடுத்த 27 புள்ளிகளில் 22 இடைவேளைக்குப் பிறகு வந்தவை.

அடுத்த பருவம் மூன்று புள்ளிக் கோட்டை 20 அடி 9 அங்குலத்திலிருந்து 22 அடி 1¾ அங்குலத்துக்குத் தள்ளினார்கள். நம் கல்லூரி மைதானங்களில் உள்ள 6.75 மீட்டர் கோடும் இதே தூரம்தான். வெளியே ஓட வேண்டிய தூரம் கூடிற்று. ஹண்டரும் ஜெரோமும் கைல் கையும் அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வுக்குப் போய்விட்டார்கள். இருந்தும் அந்த 2019–20 பருவத்தில் நாட்டிலேயே மிகக் குறைவாகப் புள்ளி கொடுத்த அணி வர்ஜீனியாதான். மார்ச்சில் கொரோனாவால் தேசியப் போட்டியே ரத்தானது. கோப்பையைக் காத்துக்கொள்ளும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.