அறுவடை நாளில் ஒரு லாவெண்டர் பண்ணை

நேயர்களுக்கு வணக்கம்.

சென்ற கோடையில் நாங்கள் முப்பது பேர் ஒரு பஸ் அமர்த்திக்கொண்டு லாவெண்டர் பண்ணை பார்க்கப் போனோம். காலையில் கிளம்பி, பண்ணையிலேயே மதிய உணவை முடித்து, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவதாக ஏற்பாடு. படங்களில் பார்த்த கத்தரிப்பூ நிற வரிசைகள் எல்லோர் கண்ணிலும் நின்றன. புகைப்படத்தில் எடுப்பாகத் தெரியவேண்டும் என்று வெள்ளை உடுத்தி வந்தவர்கள் மட்டும் பத்துப் பேர் இருப்பார்கள்.

இறங்கிப் பார்த்தால் பாதி வயல் மொட்டை. கத்தரித்த புதர்கள் முள்ளம்பன்றி முதுகு போல வரிசையாகக் கிடந்தன. மீதியிலும் பூ பழுப்பேறியிருந்தது. "ஒரு வாரம் பிந்திவிட்டோமா?" என்று கேட்டேன். "நீங்கள் பிந்தியிருக்கலாம், நாங்கள் சரியான நேரத்தில்தான் அறுக்கிறோம்" என்றார் பண்ணைக்காரர். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

லாவெண்டர் நம் துளசி, புதினா, தும்பை எல்லாம் சேர்ந்த குடும்பத்துச் செடி. அதன் வாசனை எண்ணெய் பெரும்பாலும் இதழில் இல்லை. பூவைத் தாங்கிப் பிடிக்கும் புல்லிவட்டத்தில், கண்ணுக்கு எட்டாத சின்னஞ்சிறு சுரப்பிகளில் இருக்கிறது. இதழ் வாடினால் நமக்குத்தான் வருத்தம். எண்ணெய்க்காக அறுப்பவர்கள் கதிரில் ஏறக்குறைய பாதிப் பூக்கள் வாடும்வரை காத்திருப்பார்கள். உலர்த்திக் கொத்தாகக் கட்டி வைப்பதற்கோ முதல் சில பூக்கள் விரிந்ததுமே அறுத்துவிட வேண்டும். நாம் தேடிப் போகும் முழு ஊதா இந்த இரண்டு அறுவடைக்கும் நடுவே வந்துபோகிற ஒரு சிறு இடைவேளை.

பண்ணைக் கொட்டகையில் எண்ணெய் வடிக்கும் வாலை ஓடிக்கொண்டிருந்தது. ஆள் உயரச் செம்புப் பானைக்குள் அறுத்த கதிர்களைத் திணித்து, மேலே ஏறி நின்று மிதித்தார் ஒருவர். மூடியை இறுக்கியதும் அடியிலிருந்து நீராவி ஏறியது. ஆவி எண்ணெயைச் சுமந்துகொண்டு குழாய் வழியே வெளியேறி, குளிர்ந்த நீருக்குள் சுருண்டு கிடக்கும் பகுதியில் மறுபடி நீராகிறது. கண்ணாடிக் கலத்தில் சொட்டச் சொட்ட, கீழே தண்ணீர், மேலே மெல்லிய மஞ்சள் படலம். அந்தப் படலம்தான் எண்ணெய். கீழே தங்கும் நீரும் வீணில்லை. பன்னீர் போல மணக்கும். உண்மை லாவெண்டர் எனப்படும் வகையில் ஒரு லிட்டர் எண்ணெய் எடுக்க நூறு கிலோவுக்கு மேல் கதிர் வேண்டும். லாவண்டின் என்னும் கலப்பினத்துக்கு அதில் பாதிகூட வேண்டாம். பிரான்சின் வலான்சோல் சமவெளியில் படம் எடுத்து மகிழ்கிறார்களே, அங்கே விரிந்து கிடப்பதில் பெரும்பகுதி இந்தக் கலப்பினம்தான். அதன் விதை முளைக்காது. ஒவ்வொரு செடியும் கிளை ஒடித்து நட்டு வந்தது.

மணத்திலும் இரண்டும் வேறு. கலப்பினத்தில் கற்பூர நெடி அடிக்கும். உண்மை லாவெண்டரில் ஓங்கி நிற்கும் லினலூல் என்ற பொருள்தான் கொத்தமல்லி விதைக்கும் மணம் தருவது. பண்ணைக்காரர் இதைச் சொன்னபோது எங்களோடு வந்த பாட்டி ஒருவர் கதிரைக் கசக்கி முகர்ந்து, "ஆமாம், தனியா வாடை!" என்றார். அதுவரை எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

மதிய உணவு மரத்தடியில். எலுமிச்சைப் பானத்திலும் ஐஸ்கிரீமிலும் லாவெண்டர் சேர்த்திருந்தார்கள். பானம் அருமை. ஐஸ்கிரீம், மன்னிக்கவேண்டும், சோப்பு. கை கொஞ்சம் தாராளமானால் இந்தப் பூ அப்படித்தான் ஆகும். சமையலுக்கு உண்மை லாவெண்டரே ஏற்றது, அதுவும் ஒரு சிட்டிகை. வயலில் தேனீக்கள் மொய்த்தாலும் நம் பக்கம் திரும்பவில்லை. பூவைப் பார்க்கப் போகிறவர்கள் அத்தர் பூசிக்கொண்டு போகாமல் இருந்தால் இன்னும் நல்லது.

வந்து பார்ப்பவர்களால் பண்ணைக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஜப்பானின் ஹொக்கைடோவில் ஒரு கதை உண்டு. 1970களில் செயற்கை நறுமணமும் இறக்குமதியும் வந்து எண்ணெய் விலைபோகாமல், ஃபுரானோ பகுதி விவசாயிகள் லாவெண்டரை உழுது அழித்தார்கள். ஒரு குடும்பத்துக்கு மட்டும் மனம் வரவில்லை. 1976இல் அந்த வயலின் படம் ஜப்பானிய ரயில்வேயின் நாள்காட்டியில் வெளியானது. கேமராவோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எண்ணெயால் முடியாததை நிறம் செய்தது. ஆகவே வெள்ளை உடுத்தி வந்த எங்கள் பத்துப் பேரையும் நான் இனிக் கேலி செய்வதாக இல்லை.

நீங்கள் போவதானால், முதலில் பண்ணைக்குத் தொலைபேசியில் பேசுங்கள். உயரமான மலைச்சரிவில் பூ பிந்தி வரும். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் பூக்கும் காலமே டிசம்பரும் ஜனவரியும். உச்சிவெயிலில் ஊதா வெளுத்துத் தெரியும் என்பதால் வயலுக்குக் காலையிலோ மாலையிலோ போங்கள், நண்பகலைச் சாப்பாட்டுக்கு விடுங்கள். நான் இனிமேல் "எப்போது பூக்கும்?" என்று கேட்கப்போவதில்லை. "வாலையை என்றைக்கு மூட்டுகிறீர்கள்?" என்றுதான் கேட்பேன்.

திரும்பும்போது வடித்து முடித்த சக்கையை ஆளுக்கு ஒரு பை கொடுத்தார்கள், இன்னும் வெதுவெதுப்பாக. நாள் முழுவதும் பஸ்ஸிலேயே தூங்கிய ஓட்டுநர் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டார்.