சர்வருக்குள் இப்போது யார் இருக்கிறார்கள்?

வணக்கம் நண்பர்களே. பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பேசுகிறேன். கோயில் மணிச் சத்தம் நடுவில் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் ஓர் இரவு, மணி 11.30. நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு லினக்ஸ் சர்வரிலிருந்து தரவு மளமளவென்று வெளியே போய்க்கொண்டிருந்தது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று காட்டும் 'ஹூ' என்ற கட்டளையைத் தட்டினேன். என் பெயர் மட்டுமே வந்தது. 'டபிள்யூ' தட்டினேன். யார் எவ்வளவு நேரமாகச் சும்மா இருக்கிறார், எதை ஓட்டுகிறார் என்பதையும் அது காட்டும். அதிலும் நான் ஒருவன்தான். எனக்கு உள்ளூரப் பயம் வந்தது.

நம் அடுக்குமாடி வாசலில் காவலாளி ஒரு நோட்டு வைத்திருப்பார் அல்லவா? கையெழுத்துப் போட்டவர் பெயர்தான் அதில் இருக்கும். 'ஹூ' பார்ப்பதும் அப்படி ஒரு பதிவேட்டைத்தான். தூரத்திலிருந்து சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக வந்து, டெர்மினல், அதாவது கட்டளை தட்டும் திரை, திறப்பவர்தான் வழக்கமாக அதில் ஏறுவார். எஸ்எஸ்ஹெச் வழியாகவே கோப்பு அனுப்பும் எஸ்எஃப்டிபி-யில் கோப்பு மட்டும் எடுப்பவரும், வேறு தரவு போய்வர டனல் என்ற பாதை மட்டும் போட்டு வைத்திருப்பவரும் பல சர்வர்களில் அதில் ஏறுவதே இல்லை. இதைத் தெரியாமல் நான் எத்தனை வருடம் 'யாரும் இல்லை' என்று நிம்மதியாக இருந்திருக்கிறேன்!

ஆகவே இணைப்பையே பாருங்கள். நிர்வாகி அதிகாரம் தரும் 'சூடோ' போட்டு, இணைப்புகளைக் காட்டும் 'எஸ்எஸ்', ஒரு சிறு கோடு, பிறகு டி, என், பி. சூடோ இல்லையென்றால் மற்றவர்களின் புராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல், அதன் பெயர் தெரியாது. நம் பக்கத்து முகவரி 22 என்று முடிகிற வரிகள்தான் முக்கியம், ஏனென்றால் எஸ்எஸ்ஹெச்-இன் வழக்கமான போர்ட், அதாவது நுழைவாயில் எண், அதுதான். போர்ட்டை மாற்றியிருந்தால் அந்த எண்ணைத் தேடுங்கள். எதிர்ப்பக்க முகவரி அதே வரியில் அடுத்த நெடுவரிசையில் இருக்கும். எனக்கு இரண்டு வரிகள் வந்தன. ஒன்று நான். மற்றொன்றின் புராசஸ் எண்ணை, புராசஸ்களைப் பட்டியலிடும் 'பிஎஸ்'-இல் பார்த்தேன். ஒரு பயனர் பெயர், பக்கத்தில் 'நோ-டிடிஒய்'. டெர்மினல் இல்லாத இணைப்பு என்று பொருள்.

அந்தப் பெயர், ஆறு மாதங்களுக்கு முன் வேலையை விட்டுப் போனவருடையது. அவர் முன்பு அமைத்த பேக்கப் வேலை ஒன்று எங்கள் பழைய கணினியில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர்மேல் குற்றமில்லை. கணக்கை மூடாத நாங்கள்தான் பொறுப்பு.

இங்கே வரிசை முக்கியம், நண்பர்களே. முதலில், உள்ளே நுழைய அனுமதிக்கும் கீகளை, அதாவது டிஜிட்டல் சாவிகளை, வைத்திருக்கும் 'ஆத்தரைஸ்டு கீஸ்' கோப்பிலிருந்து அவருடைய கீயை நீக்கினேன். அதன் பிறகுதான் புராசஸை 'கில்' செய்தேன். கீயை எடுத்தால் மட்டும் ஏற்கெனவே உள்ளே இருக்கும் இணைப்பு அறுந்துவிடாது. புராசஸை மட்டும் நிறுத்தினால் அடுத்த நிமிடமே திரும்ப வந்துவிடும்.

மறுநாள் இரவும் விழித்திருந்தேன். லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவில் 'ஆத்.லாக்' என்ற கோப்பு இந்த வருகைகளைக் குறித்து வைக்கும். அதே முகவரி மறுபடி வந்து, உள்ளே நுழைய முடியாமல் திரும்பியிருந்தது.