ஒரே அறைக்கு இரண்டு பேர்

நேயர்களுக்கு வணக்கம். இணையச் சேவைகளை இயக்கும் சர்வர் கணினிகளுக்கு மென்பொருள் எழுதுவது என் தொழில். அதில் தகவலை வேகமாகத் தேடியெடுக்க உதவும் ‘ஹேஷ் டேபிள்’ பற்றி இன்று பேசுகிறேன். கணினி படிக்காதவர்களுக்கும் புரியவேண்டும் என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறார். அதனால் சிங்கப்பூரில் எல்லார் பையிலும் இருக்கும் அடையாள அட்டையான ஐசியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2019 செப்டம்பரிலிருந்து, சட்டம் கேட்பது போன்ற சில காரணங்கள் இருந்தாலொழிய நிறுவனங்கள் நம்முடைய முழு ஐசி எண்ணை வாங்கக்கூடாது. அதனால் பல இடங்களில் கடைசி மூன்று இலக்கத்தையும் இறுதி எழுத்தையும் மட்டும் கேட்டார்கள். அந்த எழுத்தை யாரும் இஷ்டத்துக்குப் போட்டுவிடவில்லை. ஏழு இலக்கங்களையும் ஒவ்வொரு எண்ணால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து, மிச்சத்தைப் பார்த்துக் கொடுப்பது அது. குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாருக்கும் சேர்த்து எழுத்து 11தான். மூன்று இலக்கம் ஆயிரம் விதம். ஆக, அந்தச் சுருக்க அடையாளம் மொத்தமே 11,000.

சமூக மன்றத்தில் ஒரு நிகழ்ச்சி. 124 பேர் பதிவு செய்கிறார்கள் என்று வையுங்கள். அவர்களில் யாராவது இருவருக்கு ஒரே சுருக்கம் அமைய எவ்வளவு வாய்ப்பு? பாதிக்குப் பாதி! பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள் காலியாகக் கிடக்கும்போதே இரண்டு பேர் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். கணக்கில் பிழை இல்லை. எண்களின் இயல்பே அப்படி.

ஹேஷ் டேபிள் என்பதும் இதே வேலைதான். ஒரு பெயரை ‘ஹேஷ்’ என்ற எண்ணாக மாற்றி, இருக்கிற அறைகளின் எண்ணிக்கையால் வகுத்து, மிச்சம் எதுவோ அந்த அறையில் போடு. திரும்பத் தேடும்போது பட்டியல் முழுக்கத் துழாவ வேண்டாம், நேரே அந்த அறைக்குப் போகலாம். நீங்கள் லாகின் செய்த விவரத்தையும், இணையப் படிவத்தில் நிரப்பும் கட்டங்களையும் பெரும்பாலான சர்வர்கள் இப்படித்தான் வைத்துக்கொள்கின்றன.

மோதல் வந்தால்? 1953இல் ஐபிஎம்மில் ஹான்ஸ் பீட்டர் லூன் ஒரு வழி எழுதினார்: ஒரே அறைக்கு வருபவர்களை அங்கேயே சங்கிலியாகக் கோத்துவிடு. அடுத்த ஆண்டு அதே நிறுவனத்தில் ஜீன் ஆம்டாலும் கூட்டாளிகளும் இன்னொரு வழி கண்டார்கள்: அறை நிரம்பியிருந்தால் அடுத்த காலி அறையில் போடு. எழுபது ஆண்டு ஆகியும் இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன.

இரண்டாவது வழியில் டேபிள் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். டேபிள் பாதி நிரம்பியிருக்கையில், இல்லாத ஒன்றைத் தேடி ‘இல்லை’ என்று சொல்ல சராசரியாக 2.5 அறை பார்த்தால் போதும். முக்கால் நிரம்பினால் 8.5. தொண்ணூறு விழுக்காடு நிரம்பினால் 50.5! கடைசிக் கொஞ்சம் இடத்தை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர் மெமரியில் சேமித்ததை நேரத்தில் தொலைக்கிறார்.

அதனால் நிரம்புவதற்கு முன்பே டேபிளைப் பெரிதாக்குவார்கள். ஜாவா என்ற நிரல்மொழியின் ஹேஷ் டேபிளான ஹேஷ்மேப் 16 அறையோடு தொடங்கும். உள்ளே வருபவை 12ஐ, அதாவது முக்கால் பங்கைத் தாண்டியதும் இரட்டிப்பாகும். ஆயிரம் பேரை வைக்கப்போகிறோம் என்று ஆயிரம் கொள்ளளவு கேட்டால், அது 1024 அறை கட்டும். 768ஐத் தாண்டியதுமே எல்லாரையும் கிளப்பி 2048 அறைக்கு மாற்றும். அளவு சொல்லியும் இடமாற்றம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஜாவா 19இல்தான் தனி வழி வந்தது.

நேர்காணலில் ஹேஷ் டேபிளின் வேகம் என்ன என்று கேட்டால், இளைஞர்கள் ‘எப்போதும் ஒரே வேகம்’ என்று பட்டென்று சொல்வார்கள். ‘சராசரியாக’ என்ற சொல்லை விழுங்கிவிடுவார்கள். சர்வர்காரனுக்குச் சோறு போடுவதே அந்த விழுங்கிய சொல்தான். டேபிள் பெரிதாகும் அந்த நொடியில் கோரிக்கை அனுப்பியவர் எல்லாருக்குமான செலவையும் தனியாகச் சுமக்கிறார். தகவலை மெமரியில் வைத்துத் தரும் ரெடிஸ் என்ற மென்பொருள் இதற்கு நல்ல உபாயம் செய்திருக்கிறது: பழைய டேபிளையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டளை வரும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகிறது. யாரும் நெடுநேரம் காத்திருப்பதில்லை. எனக்குப் பிடித்த தீர்வுகளில் இது ஒன்று.

இதுவரை பேசியது தற்செயல் மோதல். வேண்டுமென்றே ஒருவன் மோதவிட்டால் என்ன ஆகும்?

ஜாவாவில் ஆங்கிலத்தின் பெரிய ‘ஏ’, சிறிய ‘ஏ’ இரண்டையும் சேர்த்து எழுதினால் வரும் ஹேஷ் எண் 2112. பெரிய ‘பி’யை இருமுறை எழுதினாலும் 2112தான். இந்த இரண்டு துண்டுகளையும் எந்த வரிசையில் 17 முறை கோத்தாலும் ஒரே எண்தான் வரும். அப்படி 1,31,072 சொற்களை உட்கார்ந்த இடத்தில் தயாரிக்கலாம். அவற்றை ஒரு படிவத்தின் கட்டங்களாக அனுப்பினால் எல்லாம் ஒரே அறையில் சங்கிலியாகும். ஒரு லட்சம் சேர்ப்பதற்கே ஏறக்குறைய 500 கோடி ஒப்பீடுகள். ஒரே ஒரு கோரிக்கைக்கு!

இதை 2003இலேயே கிராஸ்பி, வாலக் என்ற இருவர் ஆய்வுக் கட்டுரையில் எச்சரித்தார்கள். பெர்ல் மொழிக்காரர்கள் உடனே திருத்தினார்கள். மற்றப் பலர் அசட்டையாக இருந்தார்கள். 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த மாநாட்டில் கிளிங்க், வேல்டே இருவரும் பிஎச்பி, ஜாவா, பைத்தான், மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி டாட்நெட் என்று இவற்றில் எழுதிய சர்வர்களை வரிசையாக முடக்கிக் காட்டினார்கள். மைக்ரோசாஃப்ட் டிசம்பர் 29ஆம் தேதியே அவசரத் திருத்தம் வெளியிட்டது. பிஎச்பி, ஒரு படிவத்துக்கு ஆயிரம் கட்டம் என்று வரம்பு போட்டது.

வரம்பு போடுவது கதவைப் பாதி சாத்துவதுதான். 2012இல் ஓமாசோன், பெர்ன்ஸ்டைன் இருவரும் சிப்ஹேஷ் என்ற முறையைத் தந்தார்கள். அதில் ஒரு ரகசிய எண்ணும் சேர்ந்து கலக்கும். சர்வர் தொடங்கும்போதே அதைக் குலுக்கி எடுத்துக்கொண்டால், எந்தச் சொல் எந்த அறைக்குப் போகும் என்பது வெளியாளுக்குத் தெரியாது. பைத்தான் 3.4இல் அதை ஏற்றது. ஜாவா 8 வேறு வழி போயிற்று: டேபிள் ஓரளவு வளர்ந்தபின் ஓர் அறையில் எட்டுக்கு மேல் சேர்ந்தால் சங்கிலியை, கிளை கிளையாகப் பிரிந்து தேடும் மரமாக மாற்றிவிடும். லட்சம் பேர் ஒரே அறையில் நெருக்கினாலும் சராசரியாகப் பதினேழு பதினெட்டு ஒப்பீட்டில் ஆளைக் கண்டுபிடிக்கலாம்.

இங்கே பாலிடெக்னிக்கில் படிக்கும் தம்பி தங்கைகள் கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு வேலை தருகிறேன். நீங்கள் பயன்படுத்தும் மொழியின் டேபிள் எத்தனை அறையோடு தொடங்குகிறது, எப்போது வளர்கிறது, ரகசிய எண் கலக்கிறதா என்று அதன் மூல நிரலையே திறந்து பாருங்கள். பெரும்பாலும் அங்குள்ள குறிப்புகளிலேயே காரணத்தையும் எழுதி வைத்திருப்பார்கள்.

நன்றி, வணக்கம்.