பத்து மணிக்கும் பின்னேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

பின்னேரம் என்றால் எப்போது என்று யாழ்ப்பாணத்தில் நமக்குச் சொல்லத் தேவையில்லை. நாலு மணித் தேத்தண்ணீரில் தொடங்கும், விளக்கு வைத்தால் முடியும். சூரியனும் வருடம் முழுக்க ஆறு, ஆறரையை ஒட்டியே விழும். 2010 இல் பாரிஸுக்குப் போனபோது இந்தக் கணக்கையும் கொண்டுபோய்விட்டேன். போனது மார்கழியில். ஐந்து மணிக்கே இருட்டு. சரி, குளிர்நாடு என்று விட்டுவிட்டேன். ஆனி வந்தபோதுதான் குழம்பினேன். இருட்டியதும் சாப்பிடலாமென்று காத்திருந்து, ஒருநாள் பத்தரைக்குச் சோறு போட்டேன்.

வேலை ஓர் உணவகத்தில், கோப்பை கழுவுவது. முதல்நாள் முதலாளி உள்ளே சமையலறைப் பக்கம் கைகாட்டிச் சொன்ன சொல் எனக்குக் 'குசினி' என்றே கேட்டது. நம்முடைய குசினி போர்த்துக்கேயர் விட்டுப்போனது, பிரெஞ்சுக்காரருடைய 'குயிசின்' அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம். அந்த ஊரில் எனக்கு முதலில் விளங்கிய சொல் அதுதான்.

திங்கட்கிழமை லீவு. பின்னேரம் எட்டு மணிபோல, தமிழ்க்கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இருந்து நடக்க வெளிக்கிடுவேன். தலைக்கு மேலே இரும்புத் தூண்களில் மெட்ரோ ஓடும். கீழே நடைபாதையில் முருங்கைக்காய்ப் பெட்டி, சீலைக்கடை, நகைக்கடை, கைகட்டிக்கொண்டு கதைக்கிற நம்மாட்கள். "என்ன தம்பி, இண்டைக்கு வேலையில்லையோ?" இது கேட்காமல் அந்தத் தெருவைத் தாண்ட முடியாது. தெற்கே கொஞ்சம் நடந்தால் வடக்கு ரயில் நிலையம், 1864 இல் திறந்த கட்டடம். முகப்பில் 23 சிலைகள், ஒவ்வொன்றும் ஒரு நகரம், எல்லாம் பெண்கள். அதன் கீழே பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிற சனத்தைப் பார்த்தால் சிலைகளுக்குத்தான் நிம்மதி என்று தோன்றும்.

இன்னும் நேரே போனால், தெருவின் நடுவே சென் டெனி வாசல். பதினான்காம் லூயி 1672 இல் எழுப்பிய வெற்றி வளைவு. பலநாள் அதைச் சும்மா கடந்துபோயிருக்கிறேன். அப்புறம் ஒரு கூட்டாளி சொல்லித்தான் நின்று பார்த்தேன். அடியில் சோர்ந்துபோய் ஒரு பெண் இருக்கிறாள். அவள்தான் ஒல்லாந்து. 1658 இல் நம்முடைய கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த அதே ஒல்லாந்தர்! இங்கே அவர்கள் நம்மை ஆண்டுகொண்டிருந்த நேரம், அங்கே பிரெஞ்சு அரசன் அவர்களைக் கல்லில் தலைகுனிய வைத்திருக்கிறான். உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோசம், மறைப்பானேன்.

அந்தச் சந்தோசத்தில் அங்கே நின்றே அம்மாவுக்குப் போன் எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஐயோ, ஆருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லையம்மா. சும்மா எடுத்தனான்."

"மணி என்ன தெரியுமோ?"

பார்த்தேன். எனக்கு ஒன்பது. கோடையில் மூன்றரை மணித்தியால வித்தியாசம். அவருக்குப் பன்னிரண்டரை.

"இங்கை இன்னும் வெயிலம்மா, அதுதான் விளங்கேல்லை."

"நடுச்சாமத்திலை என்னடா வெயில்? குடிச்சிருக்கிறியோ?"

வளைவின் உச்சியில் அப்போதும் மஞ்சள் வெயில் கிடந்தது. எப்படி நம்ப வைப்பது? ஒரு படம் எடுத்து அக்காவின் போனுக்கு அனுப்பினேன். அது பகலில் எடுத்த படம் என்பதே அம்மாவின் தீர்ப்பு. இன்றுவரை மாறவில்லை.

திரும்பி வந்து சில வருடங்களாகிறது. இப்போது பின்னேரங்களில் பண்ணைப் பாலத்துப் பக்கம் நடக்கிறேன். கடலுக்குள் சூரியன் இறங்கினால், நான் கோட்டைப் பக்கம் திரும்பி வருவதற்குள் முகம் தெரியாத இருட்டு. இவ்வளவு அவசரமாகவா நமக்கு இருட்டுகிறது என்று முதல் கிழமை கால் தடுமாறியது.

போன கிழமை அங்கே நடக்கும்போது அந்தக் கூட்டாளி எடுத்தான். அவனுக்கு மத்தியானம் மூன்று மணி. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இரவுச் சமையலுக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான், பலகையில் கத்தி விழும் சத்தம் கேட்டது.

"என்னடா செய்யிறாய்?" என்றான்.

"இருட்டிப்போச்சு, வீட்டை போறன்" என்றேன்.

"அதுக்குள்ளையோ?"