ராத்திரி ஒன்பது மணிப் பாட்டு

அனைவருக்கும் வணக்கம். வந்திருப்பவர்களில் பலர் வீட்டில் பார்க்கின்சன் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள். கை நடுக்கம் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரியைப் பற்றியும், அப்போது பாட்டு எந்த அளவுக்கு உதவும் என்பதைப் பற்றியும் பேசவே வந்தேன்.

என் அப்பா செல்லூரில் தறி நெய்தவர். நோய் வந்த ஆறாவது வருஷம், நடுக்கத்தைவிடத் தூக்கம்தான் பெரிய பாடாகிவிட்டது. தானாகப் புரண்டு படுக்க முடியாது. “திருப்பி விடும்மா” என்று ஒரு மணிக்குக் கூப்பிடுவார், மூன்று மணிக்கும் கூப்பிடுவார். அப்புறம் கனவில் கத்துவார், கையை வீசுவார். ஒருநாள் பக்கத்தில் படுத்திருந்த அம்மாவின் முகத்தில் அடி விழுந்தது. ஏதோ கெட்ட கனவு என்று திருநீறு பூசினோம்.

அதுவும் நோயின் ஒரு பகுதி என்று மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. கனவு காணும் தூக்கத்தில் நம் தசைகளை மூளை கட்டிப்போட்டு வைக்கும். பார்க்கின்சனில் பலருக்கு அந்தக் கட்டு அவிழ்ந்துபோகிறது. சிலருக்கு நடுக்கம் தொடங்கப் பல வருஷம் முன்பே இது வந்துவிடும். புரள முடியாததற்குக் காரணம் வேறு. உடம்பை அசைக்க உதவும் லெவோடோபா மாத்திரையைச் சாயங்காலம் போட்டால், அதன் வேகம் நடுராத்திரியில் இறங்கிவிடுகிறது. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்த நோயை விவரித்தபோதே தூக்கம் கெடுவதையும் எழுதியிருக்கிறார்.

சரி, இசைக்கு இங்கே என்ன வேலை? கனவில் கை வீசுவதை அது நிறுத்தாது. அதற்கு மருத்துவரிடம் சொல்ல வேண்டும், கட்டிலைத் தாழ்வாகப் போட வேண்டும். இசை இருக்கிறது, மாத்திரையைக் குறையுங்கள் என்று யாராவது சொன்னால் நம்பவே நம்பாதீர்கள். ஆனால் ‘இன்னைக்கும் தூக்கம் வராது’ என்று படுக்கும் முன்பே ஒரு பயம் வருமே, அதைத் தணிக்க மெதுவான பாட்டால் முடியும். மூச்சு நிதானப்படும். பொதுவான தூக்கமின்மைக்கு இசை உதவுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பார்க்கின்சனில் தாளத்துக்கு நடக்கப் பழக்குவது பற்றித்தான் ஆய்வுகள் அதிகம், தூக்கம் பற்றிக் குறைவு.

நம் ஊர் இதை எப்போதோ அறிந்திருக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலில் தினமும் ராத்திரி சொக்கரின் பாதங்களைப் பல்லக்கில் பள்ளியறைக்குக் கொண்டுபோகிறோம். சாமிக்கே பாட்டும் மேளமும் வைத்துத்தான் நடை சாத்துகிறோம். தாலாட்டுக்கென்றே நீலாம்பரி ராகம் இருக்கிறது.

நானும் அப்பாவுக்கு நீலாம்பரிதான் போட்டேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “எனக்கு இது புரியலைம்மா” என்றார். தறிச் சத்தத்தோடு ரேடியோவில் பழைய சினிமாப் பாட்டுக் கேட்டே வளர்ந்த காது அது. அதிலிருந்தே மெதுவான பாட்டாக ஏழெட்டு எடுத்தோம். சோகப் பாட்டுக்கு அழுதார், அதை நீக்கிவிட்டோம். செல்போனில் போட்டால் நடுவில் விளம்பரம் வந்து தூக்கிவாரிப்போடுகிறது. அதனால் பென் டிரைவில் ஏற்றிச் சின்ன ஸ்பீக்கரில் வைத்தோம். ஒன்பது மணிக்கு விளக்கைத் தணித்து, அரை மணி நேரம், பக்கத்து அறைக்குக் கேட்காத அளவு சத்தம். தினமும் அதே பாட்டுகள், அதே வரிசை.

இதற்கிடையில் மருத்துவரும் ராத்திரி மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். இப்போது மூன்று மணிக்கு மட்டும் கூப்பிடுகிறார். அம்மா, தனிக் கட்டிலில், இரண்டாவது பாட்டிலேயே தூங்கிவிடுகிறார்.