முருங்கை மரத்தடியில் சிவப்பு மாத்திரை

நேயர்களுக்கு வணக்கம். கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் சத்து மாத்திரை, சத்து மாவு பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். என்னென்ன தருகிறார்கள் என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். கொடுத்தது வயிற்றுக்குள் போகிறதா என்பதுதான் என் கவலை.

மாதாமாதம் காலி அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அட்டையைக் கொடுப்பேன். ஒரு பெண் தவறாமல் காலி அட்டை காட்டுவாள், ஆனால் ஹீமோகுளோபின் ஒன்பதைத் தாண்டவே இல்லை. 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான். ஒருநாள் கொல்லைப்புறம் போனேன். முருங்கை மரத்தடியில் சிவப்பு சிவப்பாக மாத்திரைகள் கிடந்தன. முருங்கைக்கு எதற்கம்மா இரும்புச் சத்து என்று கேட்டேன், சிரித்துவிட்டாள்.

அவளைத் திட்டி என்ன பயன்? காலையில் வெறும் வயிற்றில் டீயோடு விழுங்கியிருக்கிறாள். குமட்டல், வாந்தி. மலம் கறுப்பாகப் போகவும் பயந்துவிட்டாள். மாமியார் வேறு, "மாத்திரை தின்னா பிள்ளை பெருத்துடும், சுகப்பிரசவம் ஆகாது" என்று சொல்லியிருக்கிறார். மலம் கறுப்பது இரும்பு மாத்திரையின் இயல்பு, அதில் பயமில்லை. டீயும் காபியும் இரும்பை உடம்பில் சேரவிடாது. கால்சியம் மாத்திரையும் அப்படித்தான், இரண்டையும் சேர்த்து விழுங்கக் கூடாது. கால்சியத்தைக் காலையும் மதியமும் சாப்பாட்டோடு எடுத்துக்கொள்ளலாம். இரும்பு மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டு படுத்தால் குமட்டல் அவ்வளவாகத் தெரியாது. ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ சேர்ந்தால் இன்னும் நல்லது.

முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமிலம் என்ற பி வைட்டமின் மாத்திரை மட்டும். நான்காம் மாதத்திலிருந்து தினமும் ஒரு சிவப்பு மாத்திரை. அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். குறைந்தது 180 நாள் சாப்பிட வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 180 நாள் சாப்பிட்ட தாய்மார்கள் 26 சதவீதம்தான். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் 48 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

இந்த ஃபோலிக் அமிலத்துக்கும் நம் ஊருக்கும் ஒரு பழைய உறவு உண்டு. கர்ப்பிணிகளுக்கு வரும் ஒருவகை ரத்தசோகை ஈஸ்ட் சாற்றில் குணமாவதைக் கண்டவர் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். பம்பாயில் ஆராய்ச்சி செய்த அவர், 1931-ல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தார். அந்தச் சாற்றில் இருந்தது ஃபோலிக் அமிலம் என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் ஒன்று. மண், சாம்பல், பச்சரிசி தின்ன ஆசை வந்தால் மசக்கை என்று சிரித்து விட்டுவிடுகிறோம். அது ரத்தசோகையாலும் வரலாம், செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். சத்து மாவு கதை வேறு. கர்ப்பிணிக்கென்று வந்த மாவை உருண்டை பிடித்தால் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆளுக்கொன்று, அவளுக்குப் பாத்திரத்தில் ஒட்டியதுதான். தாய் மனசு, என்ன சொல்ல?

சரி, முருங்கை மரத்துப் பெண்ணுக்கு வருகிறேன். அடுத்த முறை அவளோடு மாமியாரையும் உட்கார வைத்துப் பேசினேன். அதன் பிறகு இரவில் சாப்பாடு முடிந்ததும் மாத்திரையும் தண்ணீருமாக வந்து நின்றது அந்த மாமியார்தான்.